அலைச்சறுக்குக்கு இடம் தேர்தல்: திறனுக்கு ஏற்ற கடற்கரை

நீண்ட பலகையொன்றின்மீது நின்று, கரையை நோக்கி வரும் அலையின் சரிவில் வழுக்கிச் செல்லும் விளையாட்டே அலைச்சறுக்கு ஆகும். 2021ஆம் ஆண்டில் தோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளில் இது முதன்முறையாக இடம் பெற்றது. 2025 ஆகஸ்டு மாதத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தேறியது. இவற்றின் பயனாக இவ்விளையாட்டில் ஆர்வம் கொண்டோரின் தொகை நம் நாட்டிலும் பெருகி வருகிறது. இளைஞர் குழுக்களும் கல்லூரி மாணவரும் விடுமுறை நாட்களில் கடற்கரைப் பயணம் மேற்கொள்ளுகின்றனர். அத்தகைய குழுவிற்குப் பொறுப்பேற்று உடன் செல்பவர் பல வேளைகளில் ஓர் ஆசிரியராகவோ களப்பணியாளராகவோ இருப்பார். அவர்களுக்குத் துணையாகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பயணத்திற்கு முன்னர், "எந்தக் கடற்கரை நல்லது?" என்று வினவுவது வழக்கம். இவ்வினா முழுமையானதன்று. "எந்தக் கடற்கரை, எந்த மாதத்தில், எந்த வேளையில், யாருக்கு நல்லது?" என்பதே முறையான வினா. காலையில் சிறுவர் நின்று விளையாடிய அதே இடம், பிற்பகலில் தேர்ந்த நீச்சல்காரரையும் இழுத்துச் செல்லக்கூடும். 2024 மே மாதத்தில் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையொன்றில் மருத்துவ மாணவர் ஐவர் அலைகளால் இழுக்கப்பட்டு உயிரிழந்தனர். தொலைவிலிருந்து பேரலைகள் வரும் என்ற எச்சரிக்கை அந்நாட்களில் வெளியிடப்பட்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பர் மாதத்தில் கருநாடகத்தின் முருதேசுவரத்தில், பள்ளிச் சுற்றுலாவில் வந்த மாணவியர் நால்வர் கடலில் மூழ்கி மாண்டனர். இவர்களில் எவரும் பலகையேறச் சென்றவரல்லர். ஆயினும் இவர்களை வென்ற நீர், அலைச்சறுக்குவோர் இறங்கும் நீரேயாகும். ஆதலின் இடத்தைத் தேர்தல் என்பது, இன்பத்திற்கு முன்னர் உயிரைப் பற்றிய பொருளாகும்.

அலையின் தோற்றமும் வலிமையும்

கடலலைகளை இருவகையாகப் பிரித்துக்கொள்ளலாம். அருகில் வீசும் காற்றினால் எழுபவை காற்றலைகள். இவை குறுகியவை, ஒழுங்கற்றவை, ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே நான்கு முதல் ஏழு வினாடிகளே கழியும். நெடுந்தொலைவில் எழுந்த புயற்காற்றினால் பிறந்து, காற்று நின்ற பின்னரும் கடலைக் கடந்து வருபவை தொலையலைகள். இவை நீண்டவை; சீரானவை; இவற்றின் கால இடைவெளி பத்து வினாடிக்கு மேற்பட்டு, சில வேளைகளில் பதினைந்து வினாடியையும் தாண்டும். தென் இந்துமாக் கடலில் 40 பாகைத் தென் அட்சக்கோட்டிற்கு அப்பால் தோன்றும் தொலையலைகள் ஐந்தாறு நாட்கள் பயணம் செய்து நம் கரையை அடைகின்றன.

ஆழ்கடலில் அலைநீளத்தைக் கண்டறிய எளிய விதி ஒன்றுண்டு. கால இடைவெளியை வினாடியில் எடுத்து, அதன் வர்க்கத்தை 1.56ஆல் பெருக்கினால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 6 வினாடி அலையின் நீளம் ஏறத்தாழ 56 மீட்டர். 15 வினாடி அலையின் நீளம் ஏறத்தாழ 351 மீட்டர். இரண்டும் ஒரு மீட்டர் உயரமே உடையனவாயினும், கரைக்குக் கொண்டுவரும் ஆற்றலில் ஒத்தவையல்ல. அலை சுமந்து வரும் ஆற்றல், உயரத்தின் வர்க்கத்தையும் கால இடைவெளியையும் பொறுத்தது. எனவே 15 வினாடி அலை, அதே உயரமுள்ள 6 வினாடி அலையைப்போல் இரண்டரை மடங்கு ஆற்றலைக் கொண்டு வருகிறது. மேலும், ஆழம் குறைந்த நீரில் நீண்ட அலையே மிகுதியாக உயர்ந்து எழும். "இன்று ஒரு மீட்டர் அலைதான்" என்று கேட்டுத் திருப்தியுறுவோர், "எத்தனை வினாடி அலை?" என்றும் கேட்க வேண்டும்.

கேரளக் கரையோர மக்கள் இத்தகைய தொலையலைப் பெருக்கத்தைக் 'கள்ளக்கடல்' என்று அழைக்கின்றனர். உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாதபோதும், முன்னறிவிப்பின்றிக் கள்வனைப்போல் கடல் ஏறி வருவதால் இப்பெயர் வழங்கலாயிற்று. விஞ்ஞானிகளும் இப்பெயரையே ஏற்றுக்கொண்டுள்ளனர். வானத்தைப் பார்த்துக் கடலை மதிப்பிடுவது எவ்வளவு தவறானது என்பதற்கு இப்பெயரே சான்று.

அலை உடையும் விதம்

அலை கரையை நெருங்கும்போது, அதன் உயரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆழமுள்ள இடத்தில் உடைகிறது. ஒரு மீட்டர் அலை சுமார் 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். இவ்வுண்மையை மனத்திற் கொண்டு கரையில் நின்று நோக்கினால், வெண்ணுரைக் கோடு கடலடியின் வரைபடமாகவே தோன்றும். நுரை எழும் இடத்தில் மணல்மேடு உண்டு; நுரையின்றி நீர் கருத்திருக்கும் இடத்தில் ஆழம் மிகுதி.

கடலடியின் சரிவைப் பொறுத்து அலை மூவிதமாக உடைகிறது. சரிவு மிகக் குறைவாயின், முகட்டிலிருந்து நுரை மெல்ல வழிந்து, அலை நெடுந்தூரம் உருண்டு தணியும். இது சரிந்துடையும் அலை. சரிவு சற்று மிகுந்தால், முகடு முன்னோக்கி வளைந்து ஒரே வீச்சில் கவிழும். இது கவிழ்ந்துடையும் அலை. சரிவு மிகச் செங்குத்தாயின், அலை உடையாமலே கரைமீது பொங்கியேறிப் பெருவிசையுடன் திரும்பும். இது பொங்கியேறும் அலை. முதல்வகை தொடக்கத்தாருக்கு உரியது. இரண்டாம் வகை தேர்ந்தோர்க்கு உரியது. பழகாதவரைத் தலைகீழாகக் கடலடியில் மோதச் செய்து கழுத்தெலும்பை ஊறுபடுத்தவல்லது. மூன்றாம் வகை அலைச்சறுக்குக்கு எவர்க்கும் பயன்படாது. கரையோரத்தில் நிற்பவரின் காலையும் வாரிவிடும்.

ஒரே கடற்கரை ஆண்டு முழுவதும் ஒரே வகையில் இருப்பதில்லை. பருவக்காற்றுக் காலத்துப் பேரலைகள் கரை மணலை அரித்து அப்பால் மேடாக்குகின்றன. அமைதியான மாதங்களில் சிற்றலைகள் அம்மணலை மீண்டும் கொணர்ந்து சேர்க்கின்றன. சென்ற ஆண்டு நன்றாயிருந்தது என்பது இவ்வாண்டுக்குச் சான்றாகாது.

இழுவை நீரோட்டம்

அலைகள் ஓயாது கரைக்குக் கொணரும் நீர் எவ்வழியேனும் கடலுக்குத் திரும்ப வேண்டும். மணல்மேடுகளுக்கு இடைப்பட்ட ஆழமான வாய்க்கால்களின் வழியே அது ஒன்றுகூடிப் பாய்கிறது. இதுவே இழுவை நீரோட்டம். இதன் வேகம் சாதாரணமாக வினாடிக்கு அரை மீட்டர் வரையிலும், வலிய அலைகள் உள்ளபோது இரண்டு மீட்டருக்கு மேலும் இருக்கக்கூடும். வினாடிக்கு இரண்டு மீட்டர் என்பது உலகின் தலைசிறந்த நீச்சல் வீரர் குறுகிய தூரத்தில் எட்டும் வேகமாகும். அதனை எதிர்த்து ஒரு மாணவன் நீந்திக் கரைசேர்வது இயலாது.

இங்கு ஒரு கொடிய மயக்கம் உண்டு. இருபுறமும் அலைகள் நுரைத்து உடைய, நடுவே நீர் அமைதியாக இருக்கும் இடத்தைப் பழகாதவர் பத்திரமானதென்று எண்ணி அங்கேயே இறங்குவர். உண்மையில் அவ்வமைதியே ஆழத்தின் அடையாளம். ஆழமே நீரோட்டத்தின் வழி. நுரை கடற்புறமாக நகர்தல், மணல் கலங்கிய பழுப்பு நிறப்பட்டை கடலுள் நீளுதல், நீர்ப்பரப்பு சிற்றலைகளால் நடுங்குதல் ஆகியவை இதன் பிற அடையாளங்கள். பாறை முனைகள், கற்சுவர்கள், துறைமுக அலைதடுப்புகள், பாலத்தூண்கள் ஆகியவற்றை ஒட்டி இந்நீரோட்டம் நிலையாகவே அமைந்திருக்கும்.

அகப்பட்டவர் அதனை எதிர்த்து நீந்தலாகாது. இழுவை நீரோட்டம் மனிதனைக் கடலடிக்கு இழுப்பதில்லை. அப்பால் கொண்டு செல்வதே அதன் இயல்பு. மிதந்தவாறே கையை உயர்த்தி உதவி கோருதல் முதற்செயல். வலிமையுள்ளவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் பகுதியை அடைந்து, அலைகளோடு சாய்வாகக் கரையேறலாம். பலகை உள்ளவர் அதனை ஒருபோதும் கைவிடலாகாது. அதுவே அவரது மிதவை. கரையில் இருப்பவர் மிதக்கும் பொருளொன்றும் இன்றி வெறுங்கையோடு பாய்வதும், கைகோத்துச் சங்கிலியாக இறங்குவதும் மேலும் சிலரைப் பலிகொடுப்பதில் முடியக்கூடும்.

பருவமும் வேளையும்

மேற்குக் கடற்கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கொந்தளிக்கச் செய்கிறது. அம்மாதங்களில் கருநாடக, கேரள, கொங்கணக் கரைகளில் தொடக்கத்தாரை இறக்குதல் கூடாது. அக்டோபருக்குப் பின்னர் கடல் தணிந்து, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அலைகள் சிறியனவாய் இருக்கும். இதுவே அங்குப் பயிற்சிக்கு ஏற்ற காலம். ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் குறித்து விழிப்பாயிருத்தல் வேண்டும்.

கிழக்குக் கடற்கரையில் நிலைமை வேறு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கிலிருந்து வரும் தொலையலைகள் சோழமண்டலக் கரையை அடைகின்றன. காலையில் நிலத்திலிருந்து வீசும் மேல்காற்று அலையின் முகத்தை வழவழப்பாக்குகிறது. தேர்ந்தோர் விரும்புவது இக்காலத்தையே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றும் புயல்களும் ஆட்சி செய்வதால், புதியவர் கடலிறங்குதல் தகாது. ஜனவரி முதல் மார்ச்சு வரை அவர்களுக்கு உகந்த காலம்.

நாளின் வேளையும் கருதத்தக்கது. நண்பகலையொட்டிக் கடற்காற்று எழுந்து நீர்ப்பரப்பைக் கலைக்கிறது. ஆகவே பயிற்சிக்கு விடியலே சிறந்தது. ஓதம் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்திற்கு ஒருமுறை பெருகி வற்றுகிறது. நாள்தோறும் சுமார் 50 நிமிடம் பிந்துகிறது. மணல்மேடுகள் உள்ள கரையில் நீர் வற்றும்போது இழுவை நீரோட்டம் வலுப்பதும், பாறைத் தளத்தின்மேல் ஆழம் குறைவதும் இயல்பு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றவற்றம் மிகுதியாதலின் இவ்வேறுபாடுகளும் மிகும். நேற்று காலை எட்டு மணிக்குக் கண்ட கடலை இன்று எட்டு மணிக்கு எதிர்பார்த்தல் பிழை.

மூன்று நிலையினருக்கு மூன்று வகை இடங்கள்

தொடக்கத்தார் என்போர், உடைந்த அலையின் நுரையில் படுத்துச் செல்லவும் எழுந்து நிற்கவும் பழகுபவர். இவர்க்கு வேண்டுவன: மணற்பாங்கான கடலடி, மெல்லிய சரிவு, முழங்கால் முதல் இடுப்பு வரையிலான ஆழம், அரை மீட்டர் அளவிலான சரிந்துடையும் அலை, இருபுறமும் பாறையோ முகத்துவாரமோ இல்லாத திறந்த கரை, உயிர்காப்போர் காவல். பலகை மென்மையான நுரைப்பொருளால் ஆனதாகவும், 8 முதல் 9 அடி நீளமுடையதாகவும் இருத்தல் நலம். நீச்சல் அறியாதவர் தொடக்கத்தாரும் ஆகார். அவர் முதலில் நீச்சல் பழக வேண்டும்.

இடைநிலையினர், நுரையைக் கடந்து, உடையாத அலையைப் பிடித்துப் பக்கவாட்டில் செல்லத் தொடங்கியவர். ஒரு மீட்டர் வரையிலான, சீரான, ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் படிப்படியாக உடைந்து செல்லும் அலை இவர்க்கு ஏற்றது. பாறை முனைகளை ஒட்டித் தொலையலை வளைந்து திரும்பும் இடங்களில் இவ்வமைப்பைக் காணலாம். செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளத்திலும், மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை ஒட்டிய பாறைகளின் வடபுறத்திலும் அலைகள் இவ்வாறு உடைகின்றன. அலை சிறுத்திருக்கும் நாளில் இவை இடைநிலையினர்க்கு நல்ல பள்ளிகள். தொலையலை வலுத்த நாளில் தேர்ந்தோர்க்கு மட்டுமே உரியவை.

தேர்ந்தோர், கவிழ்ந்துடையும் அலையையும் நீரோட்டத்தையும் கையாளக்கூடியவர். பலகையின் கயிறு அறுந்தாலும் தாமே நீந்திக் கரைசேர வல்லவர். பாறைத் தளங்களும், முகத்துவார மணல்திட்டுகளும், சிறிய அந்தமான் தீவில் உள்ளவை போன்ற பவளப்பாறைகளும் இவர்க்கு உரியவை. மருத்துவ உதவி தொலைவிலுள்ள இடங்களில் இவர்களும் தம் திறமையில் ஒரு படி குறைத்தே கணக்கிட வேண்டும்.

கரையில் இருபது நிமிடம்

சென்னையில் துறைமுகம் அமைவதற்கு முன்னர், கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட்டு நின்றன. பயணிகளையும் சரக்குகளையும் ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே அலைகளினூடே கரைக்குக் கொணர்ந்தன. கட்டுமரம் செலுத்துவோரும் பேரலைத் தொகுதி கடந்து, அமைதி இடைவெளி வரும்வரை காத்திருந்தே கடலேறுவர். அக்காத்திருப்பே நாம் கற்க வேண்டிய முதற்பாடம். அலைகள் தொகுதி தொகுதியாக வருகின்றன. ஐந்து நிமிடம் மட்டும் பார்ப்பவர் பெரிய தொகுதியைக் காணாமலே ஏமாறக்கூடும். ஆகவே நீரில் இறங்குமுன் இருபது நிமிடம் கரையில் நின்று பின்வருவனவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

1. கால இடைவெளி. கடலில் ஒரு நிலையான புள்ளியைக் குறிவைத்து, ஒரு முகடு அதனைக் கடக்கும்போது கடிகாரத்தை இயக்கி, பின்வரும் பத்தாவது முகட்டில் நிறுத்துக. வந்த வினாடிகளைப் பத்தால் வகுக்க.

2. உயரம். கண்ணும், உடையும் அலையின் முகடும், தொடுவானமும் ஒரே கோட்டில் அமையுமாறு கரைச் சரிவில் ஏறியோ இறங்கியோ நிற்க. அலை பின்வாங்கும் எல்லையிலிருந்து கண் எவ்வளவு உயரத்தில் உள்ளதோ, அதுவே தோராயமாக அலையின் உயரம். பெரிய தொகுதியின் அலைகளையே அளத்தல் வேண்டும்.

3. நீரோட்டம். ஆரஞ்சுப் பழம் ஒன்றை நுரைப் பகுதியில் எறிந்து, அது கரையோரமாகப் பத்து மீட்டர் நகர ஆகும் நேரத்தைக் குறிக்க. இருபது வினாடியாயின் வேகம் வினாடிக்கு அரை மீட்டர். பத்து நிமிடத்தில் மாணவன் 300 மீட்டர் அப்பால் சென்றுவிடுவான். பழம் கடற்புறமாகச் சென்றால் அவ்விடத்தை விட்டொழிக்க.

4. நுரையற்ற இடைவெளிகள், பாறைகள், வலைகள், மீன்பிடி படகுகளின் வழி ஆகியவற்றை ஒரு தாளில் வரைக.

5. உள்ளூர் மீனவரையும் உயிர்காப்போரையும் கேட்க. பூரிக் கடற்கரையில் நீராடுவோர்க்குத் துணைநிற்கும் 'நுலியா' எனப்படும் மீனவரைப்போல், ஒவ்வொரு கரையிலும் அந்நீரின் குணம் அறிந்தோர் உளர். அவர்கள் தலையசைத்து மறுத்தால், அதற்கு மேல் விவாதம் வேண்டா.

இவற்றிற்கு முன்பாக, ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடும் அலை முன்னறிவிப்பையும் எச்சரிக்கைகளையும் புறப்படும் நாளிலும், ஒவ்வொரு காலையிலும் பார்த்தல் இன்றியமையாதது. எச்சரிக்கை உள்ள நாளில் மேற்கூறிய அளவீடுகளுக்கு வேலையில்லை. அன்று கடலுக்குள் செல்லலாகாது.

ஓர் உதாரணம்

பன்னிருவர் கொண்ட குழுவொன்று ஜனவரியில் மங்களூருக்கு வடக்கேயுள்ள முல்கிக்குச் செல்வதாகக் கொள்வோம். எழுவர் தொடக்கத்தார், நால்வர் இடைநிலையினர், ஒருவரே தேர்ந்தவர். இங்குச் சாம்பவி, நந்தினி ஆகிய ஆறுகள் கூடிக் கடலில் கலக்கின்றன. முகத்துவாரத்து மணல்திட்டில் அலைகள் அழகுற உடைவதைக் கண்டு குழுவினர் அங்கேயே செல்ல விழைவர். ஆயின் நீர் வற்றும் வேளையில் ஆற்றுநீரும் ஓதநீரும் சேர்ந்து கடலை நோக்கி விரைகின்றன. எதிர்வரும் அலைகள் அதனால் செங்குத்தாக உயர்கின்றன. காட்சிக்கு இனிய அவ்விடம் எழுவருக்கு ஆகாது.

தலைவர் முகத்துவாரத்திலிருந்து நன்கு விலகிய திறந்த மணற்கரையைத் தேர்கிறார். அலை இடைவெளி 10 வினாடி. உயரம் அரை மீட்டருக்குச் சற்று மேல். பழம் பத்து மீட்டர் நகர 50 வினாடி ஆயிற்று. நுரையற்ற இடைவெளி அருகில் இல்லை. எழுவரும் இடுப்பளவு நீரில், இரு கொடிகளுக்கு இடையே இறங்கலாம். இடைநிலையினர் அதே கரையில் நுரைக்கோட்டிற்கு அப்பால் பயிலலாம். தேர்ந்தவர் எங்கே? அவர் முகத்துவாரத்துக்குத் தனியே செல்ல விரும்புவார். அவரை விடுத்தால், ஆழ்நீரில் உதவவல்ல ஒரே மனிதரைக் குழு இழக்கும். எனவே புதியவர் நீரில் உள்ளவரை அவர் பலகையோடு அவர்களுக்குக் கடற்புறமாக நிற்க வேண்டும். அனைவரும் கரையேறிய பின்னர், ஓதம் ஏறும் வேளையில், துணையொருவர் கரையிலிருந்து நோக்கியிருக்க, அவரது முறை வரும்.

இவ்வுதாரணத்திலிருந்து பெறப்படும் விதி ஒன்றே: குழு செல்லும் இடத்தை நிர்ணயிப்பது அதன் மிகச் சிறந்த உறுப்பினரின் ஆற்றலன்று, மிகப் புதியவரின் ஆற்றலே. அளவீடுகளில் ஏதேனும் ஒன்று ஐயத்திற்குரியதாயின், அன்று கரையிலேயே பாடம் நடத்தலாம். அலை எண்ணுதல், பழம் மிதக்கவிடுதல், நுரைக்கோட்டை வரைதல் ஆகிய மூன்றும் எந்த வகுப்பிற்கும் ஒரு முற்பகல் வேலை ஆகும். ஆபத்து நேரின் 112 என்ற எண்ணையும், கடலோரக் காவற்படையின் 1554 என்ற எண்ணையும் மாணவர் அனைவரும் மனப்பாடமாக அறிந்திருக்கச் செய்க.

நூறு கிலோமீட்டர் பயணம் செய்து வந்த பின்னர், "இன்று இறங்கவேண்டா" என்று சொல்வது ஆசிரியருக்கு எளிதன்று. மாணவர் முகம் வாடும்; சிலர் முணுமுணுப்பர். ஆயினும் கடல் நாளையும் அங்கேயே இருக்கும். அந்த ஒரு சொல்லை உரிய வேளையில் சொல்லும் துணிவே, இக்கட்டுரையில் கூறிய அளவீடுகள் யாவற்றின் பயனும் ஆகும்.